நண்பர்கள் வீட்டுக்குப் போறது, மதியம் வீட்டுல படம்: எங்க ஞாயித்துக்கிழமை பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

மதுரையில எங்க செட்டு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைய இதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கோம். காலையில நண்பர்கள் ஒண்ணு ரெண்டு பேரு வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வர்றது, மதியம் சேந்து சாப்பாடு, அப்புறம் யாராவது ஒருத்தர் வீட்டு ஹால்ல உக்காந்து ஒரு படம். சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு நெறைய பேரு எப்படி பண்றீங்க, நாங்களும் ஆரம்பிக்கலாமான்னு கேக்குறாங்க, தனித்தனியா பதில் சொன்னா பாதி விட்டுப்போகுது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

படம் பாக்கத்தான் இவ்வளவு ஏற்பாடா? தனியாவே பாத்துக்கலாமே?

தாராளமா பாக்கலாம், எல்லார் போன்லயும் எல்லா ஆப்பும் இருக்கு. இங்க படம் எதுக்குன்னா, ரொம்ப நாளா பேசாத ஆளுங்க ரெண்டு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல உக்கார ஒரு சாக்கு வேணும், அதுக்குத்தான். சும்மா வா பேசலாம்னு கூப்பிட்டா கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெத்தவன் எவனும் வர மாட்டான், என்ன விஷயம்னு கேப்பான். படம் பாக்க வாடான்னு சொன்னா வந்துருவான். வந்தப்பறம் படம் முடிஞ்சு டீ குடிக்கும்போது தான் அவங்க அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நடந்ததையே சொல்லுவான். எனக்கு அந்த டீ நேரம் தான் முக்கியம், படத்தையும் நான் ரொம்ப ரசிச்சுப் பாக்குறவன் தான், ஆனா ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னா டீ நேரம்னு தான் சொல்லுவேன்.

காலையில ஏன் வேற வீடுங்களுக்குப் போகணும்? எல்லாரும் நேரா படம் போடுற வீட்டுக்கே வந்துட்டா முடிஞ்சுதே?

இதத்தான் அதிகமா கேக்குறாங்க, எங்க ஏற்பாட்டுல இதுதான் முக்கியமான பகுதி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எந்த செட்டு எடுத்தாலும் வர முடியாத ஆளுன்னு சிலர் இருப்பாங்க. ஒருத்தருக்கு அப்பா பக்கவாதத்துல படுக்கையில இருப்பாரு, பாத்துக்க வேற ஆள் இல்ல. ஒரு பொண்ணு கைக்கொழந்தக்காரி. ஒருத்தர் மளிகைக்கடை வச்சிருப்பாரு, ஞாயித்துக்கிழமை தான் அவருக்கு யாவாரமே. இவங்களுக்கும் குரூப்ல மெசேஜ் போகும், "முடிஞ்சா வாங்க"ன்னு. மொத தடவ ஸாரி சொல்லுவாங்க, ரெண்டாவது தடவ வெறும் கும்பிடு எமோஜி, அதுக்கப்பறம் பதிலே வராது. நாமளும் அவரு பிசின்னு நெனச்சு விட்டுருவோம். இப்படித்தான் இருவது வருஷ சிநேகிதம் சண்டை எதுவும் இல்லாமலே அத்துப்போகுது.

அதனால எங்க வழக்கம் என்னன்னா, வர முடியாதவங்க வீட்டுக்கு காலையில நாங்க போயிருவோம். கூட்டமா போறதில்ல, ரெண்டு பேரு, மிஞ்சினா மூணு பேரு. முக்கால் மணி நேரம் உக்காந்து, அவங்க குடுக்குற காபிய குடிச்சுட்டு, அப்பா கிட்ட பேச்சு குடுத்துட்டு, முடிஞ்சா "மாமா கூட நாங்க இருக்கோம், நீ போய் முடி வெட்டிட்டு வா"ன்னு நண்பன வெளிய அனுப்பிட்டு நாங்க இருப்போம். நோயாளியப் பாத்துக்குறவங்களுக்கு இந்த மாதிரி ஒரு மணி நேரம் கெடைக்குறது எவ்வளவு பெருசுன்னு அந்த எடத்துல இருந்தவங்களுக்குத் தெரியும். மளிகைக்கடைக்காரரு கிட்ட கடையிலயே நின்னு பேசுவோம், நடுவுல சரக்கு எடுத்துக் குடுக்குறதும் உண்டு.

ஒரு காலைல எத்தனை வீடு போகலாம்?

ரெண்டு. மூணாவது வீட்டுக்குப் போனா செருப்ப வாசல்ல கழட்டும்போதே மணிய பாக்க ஆரம்பிச்சுருவோம், வீட்டுக்காரங்களுக்கு அது தெரியும். அப்புறம் ஒரே தெசையில இருக்க வீடுங்களா பாத்து எடுங்க. திருநகர்ல ஒண்ணு கே.புதூர்ல ஒண்ணுன்னு வச்சா ஊரையே குறுக்க கடக்கணும், வைகை ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாசம், அந்தப் பக்கம் ஒரு மாசம்னு பிரிச்சுக்கிட்டா நிம்மதி. சித்திரைத் திருவிழா சமயத்துல இந்த ஏற்பாடே வைக்காதீங்க, அழகர் ஆத்துல இறங்குற நேரம் கோரிப்பாளையம் பக்கம் எதுவும் நகராது, அப்ப எல்லாருமே அங்க தான் நிப்பாங்க, அங்கயே பாத்துக்கலாம்.

சொல்லாம கொள்ளாம திடீர்னு போய் நிக்கலாமா?

எங்க அப்பா காலத்துல அப்படித்தான், கதவும் தொறந்தே இருக்கும். இப்ப வேண்டாம். முந்தின நாள் ராத்திரி ஒரு போன், மெசேஜ் இல்ல போன், "நாளைக்கு பத்தரை மணிக்கு மேல வந்தா வீட்டுல இருப்பீங்களா, சமையல் எதுவும் செய்யாதீங்க, பாத்துட்டு கிளம்பிருவோம்"னு சொல்லணும். சமையல் வேண்டாம்னு சொல்லலன்னா அந்த வீட்டு அம்மா காலையில ஆறு மணிக்கே ஆள அனுப்பி கறி எடுத்துருவாங்க. வயசானவங்க இருக்க வீட்டுக்கு பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் நல்ல நேரம், குளிச்சு மாத்திரை போட்டு தெளிவா இருப்பாங்க. ரெண்டு மணிக்கு மேல போனா அவங்க தூக்கத்த கெடுக்குறோம்.

கையில என்ன வாங்கிட்டுப் போறது?

வெறுங்கையோட போகக் கூடாது, அதே சமயம் பழக்கத்துல அல்வா டப்பாவோடயும் போகக் கூடாது. நம்ம ஊர்ல பாதி பெரியவங்களுக்கு சர்க்கரை இருக்கு, வீட்டுல ஸ்வீட் இருந்தா அவங்களால கை வைக்காம இருக்க முடியாது, அப்புறம் பிள்ளைங்க திட்டுவாங்க. கொய்யா நல்லது, சீசன்ல ஈஸியா கெடைக்கும். பல்லு இல்லாதவங்களுக்கு கொய்யா ஆகாது, பப்பாளி வாங்குங்க. கிட்னி பிரச்சனை உள்ளவங்களுக்கு எந்தப் பழமா இருந்தாலும் கேட்டுட்டு வாங்குங்க, வாழைப்பழம் இளநீரெல்லாம் பொட்டாசியம் அதிகம்னு டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருப்பாரு. படுக்கையில இருக்கவங்க வீட்டுல நெஜமா தேவைப்படுறது பெரியவங்க டயப்பர், கேக்க கூச்சப்படுவாங்க, நெருக்கமான நண்பன்னா நேராவே கேட்டு வாங்கிட்டுப் போகலாம்.

கைக்கொழந்த வீட்டுக்குப் போனா மொத வேலை சோப்பு போட்டு கை கழுவுறது. சளி இருமல் இருந்தா அன்னைக்கு போகவே வேண்டாம். கொழந்தைக்கு முத்தம் குடுக்காதீங்க. அந்தப் பொண்ணு தூக்கமில்லாம இருக்கும், அரை மணி நேரத்துல எந்திரிச்சுருங்க.

சமீபத்துல சாவு நடந்த வீட்டுக்கு இந்த மாதிரி நாள்ல போகலாமா?

கண்டிப்பா போகணும், காரியம் முடிஞ்சப்பறம் தான் அந்த வீட்டுல ஆள் இருக்காது. பதினாறு நாள் வரைக்கும் கூட்டம் வரும், அதுக்கப்பறம் யாரும் எட்டிப் பாக்குறதில்ல, அப்பத்தான் வீடு ரொம்ப வெறிச்சுனு இருக்கும். நாங்க ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சும் போறோம். எறந்தவங்களப் பத்திப் பேசக் கூடாதுன்னு நெனச்சு அரசியல் பேசாதீங்க, அவங்களப் பத்தித்தான் பேசணும், அவங்க சமையல், அவங்க கோபம், எல்லாம். கெளம்பும்போது "போயிட்டு வர்றேன்"னு சொல்ற வழக்கம் துக்க வீட்டுல கெடையாது, தலைய ஆட்டிட்டு எந்திரிச்சு வந்துருவோம். படத்துக்கு கூப்பிடுறது வேண்டாம், அவங்களாவே எப்ப வர்றேன்னு கேக்குறாங்களோ அன்னைக்கு கூட்டிட்டு வாங்க.

மதியச் சாப்பாடு யாரு வீட்டுல? செலவு?

படம் போடுற வீட்டுல. ஒவ்வொரு மாசமும் வேற வீடு. செலவ எல்லாரும் பிரிச்சுக்குவோம், ஜிபேல அன்னைக்கே போட்டுரணும், பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு விட்டா கடைசியில ஒருத்தர் தலையிலயே விழும்.

மதுரையில ஞாயித்துக்கிழமைன்னா ஆட்டுக்கறி தான், வீட்டுல கொழம்பு வச்சு கோலா உருண்டை மட்டும் வெளிய வாங்குறதும் உண்டு, ஏன்னா அத உருட்டிப் பொரிக்கிறது ஆள கொல்ற வேலை. புரட்டாசி மாசம் பாதிப் பேரு கறி தொட மாட்டாங்க, அந்த மாசம் எல்லாருக்கும் சைவம் தான், தனித்தனியா ரெண்டு சமையல் வைக்க வேண்டாம். சாயங்காலத்துக்கு ஜிகர்தண்டா பார்சல் வாங்குனா ஐஸ்கிரீம் தனியா கட்டித் தரச் சொல்லுங்க, கலந்து கொண்டு வந்தா வழியிலயே கரைஞ்சுரும். மழை நாள்ல பருத்திப்பால் தான் என் ஓட்டு, பருத்திக்கொட்டை பால், கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் எல்லாம் சேந்து சூடா குடிச்சா அப்புறம் ராத்திரிச் சாப்பாடே வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன், படம் ஓடும்போது யாரும் சமையக்கட்டுல நிக்கக் கூடாது. ஆம்பளைங்க ஹால்ல கால நீட்டிட்டு உக்காந்திருக்க, மதினி உள்ள வெங்காயம் உரிச்சுக்கிட்டே "இப்ப என்ன ஆச்சு"ன்னு எட்டிப் பாத்து கேக்குற நெலம எந்த வீட்டுலயும் வேண்டாம். பாத்திரம் கழுவி முடிச்சு எல்லாரும் உக்காந்தப்பறம் தான் படம் போடணும். கழுவுறதும் எல்லாரும் தான். முடியலன்னா சாப்பாடு முழுசா வெளிய ஆர்டர் பண்ணுங்க, குத்தமே இல்ல.

என்ன படம்னு யாரு முடிவு பண்றது? எங்க வீட்டுல தேடுறதுலயே ஒரு மணி நேரம் போகுது.

ஒருத்தர் தான் முடிவு பண்ணணும், முறை வச்சு. ஓட்டுப்போடுறது, குரூப்ல போல் வைக்கிறதெல்லாம் வேலைக்கு ஆகாது, யாருக்கும் பிடிக்காத ஒரு நடுவாந்தரப் படம் தான் ஜெயிக்கும். இந்த மாசம் உன் முறைன்னா நீ வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள பேரச் சொல்லிரணும், மத்தவங்க ஏற்கெனவே பாத்த படமா இருந்தாலும் வாய மூடிட்டு பாக்கணும். தனக்குப் பிடிச்ச படத்த நாலு பேரு கூட உக்காந்து பாக்கும்போது ஒரு மனுஷன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாருங்க, உங்களுக்கே புரியும். அதே மாதிரி எந்த ஆப்ல இருக்குன்னும் அன்னைக்கே பாத்து வச்சுரணும், படங்க ஒரு ஆப்ல இருந்து இன்னொரு ஆப்புக்கு மாறிக்கிட்டே இருக்கும், போன மாசம் இருந்த எடத்துல இந்த மாசம் இருக்காது.

கூட்டமா பாக்க எந்த மாதிரி படம் சரியா வரும்?

சிரிப்புப் படம் கண்ண மூடிட்டு போடலாம், ஏன்னா சிரிப்பு தொத்திக்கும், தனியா பாக்கும்போது புன்னகையோட போற எடம் எட்டு பேரு இருந்தா வெடிச்சுரும். ஸ்ரீதரோட காதலிக்க நேரமில்லை வந்தது 1964ல, அதுல நாகேஷ் பாலையாவுக்கு பேய்க்கதை சொல்ற எடத்துக்கு இன்னைக்கும் எங்க வீட்டு சின்னப் பிள்ளைங்க உருண்டு சிரிக்குதுங்க. மைக்கேல் மதன காமராஜன் 1990, அதுல ஒரு பிரச்சனை, கிரேசி மோகன் வசனம் வேகமா போகும், ஒரு ஜோக்குக்கு சிரிக்குற சத்தத்துல அடுத்த ரெண்டு ஜோக் காணாம போயிரும், அதனால முன்னாடியே பாத்தவங்களோட பாக்குறது நல்லது.

பேச்சு வேணும்னு நெனச்சா மெய்யழகன் மாதிரி படம் எடுங்க. 2024ல பிரேம் குமார் எடுத்தது, சொந்த ஊர விட்டுப் போன ஒருத்தன் கல்யாணத்துக்கு வந்த எடத்துல பேர்கூட ஞாபகத்துக்கு வராத ஒரு சொந்தக்காரன் கூட ராத்திரி பூரா பேசிக்கிட்டு இருக்கான், கதையே அவ்வளவு தான். தியேட்டர்ல நீளம்னு சொல்லி ரிலீஸுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 18 நிமிஷம் வெட்டுனாங்க. வீட்டுல உக்காந்து பாத்தப்ப எங்க யாருக்குமே நீளம்னு தோணல, படம் முடிஞ்சப்ப அவனவன் ஊர்ல விட்டுட்டு வந்த ஒரு ஆளப் பத்தி பேச ஆரம்பிச்சுட்டான்.

பாட்டு வந்தா எந்திரிச்சுப் போற கோஷ்டி உங்க செட்டுல இருந்தா கைதி போடுங்க, 2019, பாட்டே இல்ல, ஒரே ராத்திரியில நடக்குற கதை. பழசு வேணும்னா 1954ல எஸ். பாலசந்தர் ஏவிஎம்முக்கு எடுத்த அந்த நாள், பாட்டும் கெடையாது டான்ஸும் கெடையாது, தமிழ்ல பாட்டில்லாம வந்த மொதப் படம் அதுதான், ஒரு கொலைய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. எங்க கூட்டத்துல பாதிப் படத்துல நிறுத்தி யாரு கொலகாரன்னு பேப்பர்ல எழுதி வாங்கி வச்சோம், நல்லா இருந்துச்சு. ஹால்ல பேச்சு நிக்கவே நிக்காதுன்னா பேசும் படம், 1987, வசனமே கெடையாது, எவ்வளவு பேசினாலும் எதையும் விட மாட்டீங்க.

ரொம்ப அழ வைக்குற படத்த சாப்பிட்ட ஒடனே போடாதீங்க. அப்பா அம்மா எறந்து கொஞ்ச நாளே ஆன நண்பர் கூட்டத்துல இருந்தா படத்துல அப்படி ஏதும் காட்சி இருக்கான்னு தேர்ந்தெடுத்தவர் அவர் கிட்ட தனியா சொல்லிரணும்.

ஒரே நாள்ல ரெண்டு மூணு படம் பாக்கலாமா?

டெக், அதாவது வீடியோ கேசட் போட்டுப் பாக்குற பெட்டி, வாடகைக்கு எடுத்த காலத்து ஆளுங்க தான் இத கேப்பாங்கன்னு நெனக்கிறேன். எண்பதுகள்ல தொண்ணூறுகள்ல டிவியும் டெக்கும் கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு வரும், காலையில திருப்பிக் குடுக்கணும், அதனால விடிய விடிய மூணு படம் பாத்தே ஆகணும். அதுக்கு முன்னாடி தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு படம், டிவி இருக்க வீட்டுல தெருவே வந்து உக்காரும். சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சாலும் நம்ம பக்கம் தெளிவா படம் தெரிஞ்சது கொடைக்கானல் டவர் வந்தப்பறம் தான்னு பெரியவங்க சொல்லுவாங்க. அப்ப படம் கெடைக்குறது அரிது. இப்ப நேரம் தான் அரிது. அதனால ஒரு படம் போதும், மூணு மணிக்கு ஆரம்பிச்சா அஞ்சரைக்கு முடிஞ்சுரும், அதுக்கப்பறம் பேச நேரம் இருக்கணும். ரெண்டாவது படம் போட்டா யாரும் பேச மாட்டாங்க, முடிஞ்ச ஒடனே சாவிய எடுத்துட்டு கெளம்பிருவாங்க.

கொழந்தைங்க கூட இருந்தா?

சென்சார் சர்டிபிகேட்ட பாருங்க. முன்னாடி யு/ஏன்னு, அதாவது பெத்தவங்க வழிகாட்டுதலோட பிள்ளைங்க பாக்கலாம்னு, ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து தியேட்டர் படங்களுக்கு அத யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+னு மூணா பிரிச்சுட்டாங்க, ஓடிடியில 2021 விதிகள்லயே இந்த மாதிரி பிரிவு இருக்கு. அதுக்கு முன்னாடி வந்த படத்துல வெறும் யு/ஏன்னு தான் இருக்கும், அதுல ஏழு வயசுப் பிள்ளை பாக்கலாமான்னு தெரியாது, யாராவது ஒரு பெரியவர் முன்கூட்டியே ஒரு தடவ ஓட்டிப் பாத்துரணும். ரத்தம் தெறிக்குற படத்த பிள்ளைங்கள வச்சுக்கிட்டு போட்டுட்டு, அந்த எடத்துல மட்டும் கண்ண பொத்துறதெல்லாம் பிரயோஜனமில்ல, சத்தம் தான் அதுங்கள அதிகமா பயமுறுத்தும். பெரியவங்க படம் தான்னு முடிவாச்சுன்னா பக்கத்து ரூம்ல பிள்ளைங்களுக்கு கேரம், யாராவது ஒரு பெரியவர் மாத்தி மாத்தி கூட இருக்கணும்.

ப்ரொஜெக்டர் வாங்கலாமா, டிவி போதுமா?

மதியம் பாக்குறதா இருந்தா டிவி தான். மதுர வெயிலுக்கு எத்தன திரைச்சீலை போட்டாலும் ஹால்ல வெளிச்சம் வந்துக்கிட்டே தான் இருக்கும், கம்மி வெலை ப்ரொஜெக்டர்ல கறுப்பு எல்லாம் சாம்பலா தெரியும். வாங்கித்தான் ஆகணும்னா பெட்டியில வெளிச்சத்தோட அளவா லூமென்ஸ்னு பெரிய நம்பர் போட்டிருக்கத நம்பாதீங்க, முறைப்படி அளந்த ஆன்சி லூமென்ஸ் எவ்வளவுன்னு கேளுங்க, ரெண்டுக்கும் ரொம்ப தூரம். ராத்திரி மொட்டமாடிக்கு ஓகே. ஏழெட்டு பேருக்கு 43 இஞ்ச் டிவிய தாராளமா பாக்கலாம், சோபாவ பின்னாடி தள்ளி முன்னாடி பாய் விரிச்சா ரெண்டு வரிசை வந்துரும். பாய் வரிசைக்கு தான் எங்க வீட்டுல போட்டியே.

வசனம் கேக்கல, சண்டை வந்தா காது கிழியுது. என்ன பண்றது?

டிவி ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கர் கீழயும் பின்னாலயும் போயிருச்சு, சத்தம் செவுத்துல பட்டு தான் நமக்கு வருது. மொதல்ல சவுண்ட் செட்டிங்ல தெளிவான குரல்னு இருக்கத ஆன் பண்ணுங்க, ஆப்ல ஆடியோ 5.1ல (பல ஸ்பீக்கருக்கான சத்தம்) இருந்தா ஸ்டீரியோவுக்கு (ரெண்டு ஸ்பீக்கருக்கானது) மாத்திப் பாருங்க, பாதிக் குறை அதுலயே தீரும். சவுண்ட்பார் இருந்தா ப்ளூடூத்ல போடாம எச்டிஎம்ஐ ஆர்க் போர்ட்ல கேபிள் போட்டு சொருகுங்க, ப்ளூடூத்ல வாய் அசைஞ்சப்பறம் தான் குரல் வரும், ஒரு தடவ அது கண்ணுல பட்டுருச்சுன்னா அப்புறம் படம் பூரா அதத்தான் பாப்போம். ஃபேன் சத்தமும் ஒரு காரணம், ஆனா வெயில் காலத்துல அத நிறுத்தச் சொல்ற தைரியம் எனக்கில்ல.

புது டிவியில படம் எல்லாம் சீரியல் மாதிரி வழவழன்னு தெரியுது, பழைய படம் போட்டா ஆளுங்க குண்டா தெரியறாங்க. டிவி கோளாறா?

கோளாறு இல்ல, ரெண்டுமே செட்டிங். படம் எடுக்குறது செகண்டுக்கு 24 ஃபிரேம், டிவி நடுவுல தானா ஃபிரேம் உருவாக்கி சொருகுது, அதான் வழவழப்பு. கிரிக்கெட்டுக்கு நல்லா இருக்கும், படத்துக்கு ஆகாது. எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோன்னு பேரு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க, ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அத போட்டாலே போதும்.

ஆளுங்க குண்டா தெரியறது படத்த அகலத்துக்கு இழுக்குறதால. தமிழ்ல மொத சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம் 1973ல வந்த ராஜராஜ சோழன், அதுக்கு முந்தின படங்க பெரும்பாலும் கிட்டத்தட்ட சதுரமா தான் இருக்கும். பிக்சர் சைஸ 4:3க்கு மாத்துங்க, ரெண்டு பக்கமும் கறுப்பா எடம் விடும், விடட்டும், சாவித்திரி முகம் சாவித்திரி முகமா தெரியணும்ல.

நெட் நடுவுல சுத்துது.

எச்டி தரத்துல மணிக்கு சுமார் 3 ஜிபி, 4கேன்னா 7 ஜிபி வரைக்கும் போகும், அதனால தினசரி ரெண்டு ஜிபி பேக்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு முழுப் படம் பாக்க முடியாது. வைஃபை இருந்தாலும் வந்தவங்க எட்டு பேரு போனும் அதுலயே ஏறியிருக்கும், அன்னைக்கு மட்டும் பாஸ்வேர்ட் குடுக்காம இருந்தா போதும்.

படம் ஓடும்போது பேசலாமா? போன்?

பேசலாம், நம்ம வீடு தானே, தியேட்டர் இல்லையே. கதைய முன்கூட்டியே சொல்றது மட்டும் கூடாது. போன் வேற விஷயம். ஒருத்தர் குனிஞ்சு ரீல்ஸ் பாக்க ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கவரும் எடுப்பாரு, பத்து நிமிஷத்துல டிவி தனியா ஓடிக்கிட்டு இருக்கும். எல்லா போனும் ஷெல்ஃப்ல, சைலண்ட்ல வேண்டாம், ரிங்லயே இருக்கட்டும், வீட்டுல பெரியவங்கள விட்டுட்டு வந்தவங்களுக்கு கூப்பிட்டா கேக்கணும். கால் வந்தா படத்த நிறுத்திருவோம், யாரும் முகம் சுளிக்கிறதில்ல.

காது சரியா கேக்காத பெரியவர், இல்ல தமிழ் தெரியாத நண்பர் இருந்தா?

சப்டைட்டில் போடுங்க. ஒருத்தருக்காக மட்டும்னாலும் போடுங்க, அவரு கேக்குறதுக்கு முன்னாடியே போடுங்க.

அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் சேத்து மொட்டமாடியில போடலாமா?

வீட்டுல நண்பர்கள் கூட பாக்குறது வேற, நோட்டீஸ் ஒட்டி, காசு வாங்கி பொதுவா திரையிடுறது வேற. அதுக்கு படத்தோட உரிமை வச்சிருக்கவங்க கிட்ட அனுமதி வாங்கணும், நம்ம ஓடிடி சந்தா வீட்டு உபயோகத்துக்கு மட்டும் தான். திருட்டுப் பிரிண்ட் பக்கம் போகாதீங்க, பழைய படங்க நெறைய உரிமைக்காரங்களே யூடியூப்ல முழுசா போட்டு வச்சிருக்காங்க.

வெளிநாட்டுல இருக்க நண்பர எப்படி சேத்துக்கிறது?

சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி, நம்ம மூணு மணின்னா சிங்கப்பூர்ல அஞ்சரை, துபாய்ல ஒன்றரை, ரெண்டு பேருக்குமே ஒத்து வரும். ஒரே நேரத்துல அவங்கவங்க வீட்டுல படத்த ஆரம்பிச்சுருங்க, படம் ஓடும்போது வீடியோ கால் வேண்டாம், எதிரொலி அடிக்கும். முடிஞ்சதும் கால் போட்டு போன டம்ளர்ல சாத்தி டீ வச்சிருக்க எடத்துல நிக்க வைங்க. அப்பத்தான் அவரும் கூட்டத்துல ஒருத்தரா இருப்பாரு, சும்மா ஒரு நிமிஷம் எல்லார்கிட்டயும் போன நீட்டி "ஹாய் சொல்லு"ன்னா அவருக்கு ஏக்கம் தான் அதிகமாகும்.

படம் முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?

டிவிய அணைச்சுருவோம். அணைக்கலன்னா அடுத்த படத்தோட ட்ரெய்லர் தானா ஓட ஆரம்பிச்சு எல்லார் கண்ணும் அங்கயே போயிரும். டீ, காரச்சேவு, பேச்சு. ஞாயித்துக்கிழமை நாலரையில இருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம், ஆறு மணிக்கு மேல போறோம்னு பெரியவங்க எப்படியும் உக்காந்துருவாங்க, எங்களுக்கு அது வசதியா போச்சு, நல்ல பேச்செல்லாம் அந்த நேரத்துல தான் வருது. மிச்சமிருக்க கொழம்ப, கோலா உருண்டைய டப்பாவுல போட்டு, காலையில போன வீடு வழியில இருந்தா குடுத்துட்டுப் போவோம்.

நான் ஊருக்குப் புதுசு, வேலைக்கு வந்திருக்கேன், செட்டுன்னு யாரும் இல்ல. எப்படி ஆரம்பிக்கிறது?

ஆபீஸ்ல மத்தியானம் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறவர் ஒருத்தர் இருப்பாருல்ல, அவரக் கூப்பிடுங்க. ஒருத்தர் போதும். ஊர்க்காரரா இருந்தா அவர் வீட்டுக்கு ஒரு நாள் போய் அவங்க அம்மாவப் பாத்துட்டு வாங்க. ரூம்ல டிவி இல்லன்னா லேப்டாப் போதும், ஸ்டூல் மேல வச்சு ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து பாக்கலாம். சாப்பாடு கடையில வாங்கிக்கலாம். அடுத்த தடவ வரும்போது உங்க நண்பர் ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்கன்னு அவர் கிட்ட சொல்லுங்க, என்ன படம்னு அந்த மூணாவது ஆள் சொல்லட்டும்.